போர்ட்டோ சான்டோ தீவில் பிக்கோ பிராங்கோ நடை: ஒரே நாளில் போய்வர முடியுமா?

வழிப்போக்கன்:
செப்டம்பரில் அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்ச்சுகலின் மதெய்ரா தீவுக்குப் போகிறோம். அங்கிருந்து ஒரு நாள் காலையில் கப்பலேறி பக்கத்துத் தீவான போர்ட்டோ சான்டோ போய், வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் பிக்கோ பிராங்கோ சிகரத்துக்கும் தெர்ரா சா என்ற இடத்துக்கும் போகும் பாதையை நடந்துவிட்டு மாலையே மதெய்ராவின் தலைநகர் ஃபுன்ஷால் திரும்பிவிடலாம் என்று யோசிக்கிறோம். ஒரு வழிக்கு 2.7 கி.மீ., உச்சி 450 மீட்டர்தான், எனவே சுலபமாகத்தான் தோன்றுகிறது. கூட வருவது அம்மா, 62 வயது. நன்றாக நடப்பார், ஆனால் பள்ளத்தைப் பார்த்தால் கால் நடுங்கும். போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

கரைநடை:
தூரத்தையும் உயரத்தையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே ஆளைச் சோர வைப்பது வெயிலும் காற்றும்தான். கப்பல் பயணமே இரண்டரை மணி நேரம் பிடிக்கும், இறங்கி டாக்சி பிடித்துப் பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், அப்புறம் மேலே ஏறும் நேரம் முழுக்க உச்சி வெயில். வழியில் கடையோ குழாயோ ஊற்றோ கிடையாது. மதெய்ராவில் லெவாடா எனப்படும் பாசன வாய்க்கால் ஓரமாக நிழலில் நடந்து பழகியவர்கள் அரை லிட்டர் பாட்டிலோடு வந்துவிடுகிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும்.

பாதை நல்ல பாதைதான், பாறையை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும். ஆனால் சில இடங்களில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு, கீழே கடல். கல்லின் மேல் பொடிச் சரளை கிடக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது காலை வாரிவிடும். அம்மாவுக்குப் பிடிப்புள்ள காலணியும் ஒரு கைத்தடியும் கட்டாயம். என்னைக் கேட்டால், போர்ட்டோ சான்டோவின் ஊரான விலா பலெய்ராவில் ஓர் இரவு தங்கி விடிந்ததும் கிளம்புங்கள்.

உப்புக்காற்று:
மதெய்ராவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் போர்ட்டோ சான்டோ ஏன் இப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று பலர் கேட்பார்கள். மதெய்ராவின் பிக்கோ ருய்வோ சிகரம் 1862 மீட்டர், வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மேகத்தை அது தடுத்து மழையாக இறக்கிவிடுகிறது. இங்கே மிக உயரமான பிக்கோ தோ ஃபாஷோவே 517 மீட்டர்தான், மேகம் தாண்டிப் போய்விடும். குடிதண்ணீரே 1980 வாக்கிலிருந்து கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் கிடைக்கிறது. போதாக்குறைக்கு 15ஆம் நூற்றாண்டில் முதல் குடியேறிகள் கொண்டுவந்து விட்ட முயல்கள் பெருகிப் பயிரையெல்லாம் தின்றுதீர்த்தன. டிராகன் மரங்களையும் மனிதர்கள் வெட்டித் தீர்த்தார்கள். அந்தச் சரிவுகளில் நிழல் இல்லாததற்கு இவ்வளவு பழைய காரணம் இருக்கிறது.

ஆனாலும் போங்கள். வெளிறிய பாசிக்காளான் (லைக்கன்) படிந்த பாறையைக் கிட்டப்போய்ப் பாருங்கள், அந்த வறட்சியிலும் கடல் ஈரத்தைக் குடித்தே அது வாழ்கிறது. தெர்ரா சாவில் ஒரு சின்னக் கல்வீடு உண்டு, உட்கார்ந்து சாப்பிட அருமையான இடம்.

தொலைநோக்கி:
தங்கியே ஆகவேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. குளிர்காலம் என்றால் ஒரே நாளில் தாராளமாக முடியும். செப்டம்பர் என்பதால் கரைநடை சொல்வதுதான் சரி. அம்மாவுக்குப் பள்ளம் ஆகாது என்றால் அவருக்கு அதே தீவில் இருக்கும் பிக்கோ காஸ்தெலோ மலை பொருத்தம். 437 மீட்டர், உச்சிக்குப் பக்கம் வரை கார் போகும், நட்டு வளர்த்த மரங்களின் நிழல் இருக்கிறது. கடற்கொள்ளையர் வந்தபோது ஊர்மக்கள் ஒளிந்த மலை அது.

வழிப்போக்கன்:
ரொம்ப நன்றி. ஓர் இரவு தங்குவதாக முடிவு செய்துவிட்டோம். காற்று பலமாக இருந்தால் எந்த இடத்தில் திரும்புவது நல்லது?

கரைநடை:
மேலே போய் யோசிக்க வேண்டாம். முதல் திறந்த வளைவில் நிற்கும்போதே காற்று உடம்பைத் தள்ளினால் அங்கேயே திரும்பிவிடுங்கள், மேலே இன்னும் மோசமாகத்தான் இருக்கும். முந்தைய நாள் இரவு மதெய்ரா வனத்துறையின் இணையதளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள், கல் சரிந்தால் மூடிவிடுவார்கள். திரும்பி வர டாக்சிக்காரரிடம் நேரம் சொல்லி வையுங்கள், அந்தச் சாலையில் நின்றால் வண்டி கிடைப்பது கஷ்டம்.