எட்டு கோர், எட்டிலும் ஒரே விடை: ரேண்டம் எண் அனுபவங்கள்

பகடை8
ஒற்றை கவுன்டர் வரிசை சிமுலேஷன். வருகை வீதம் 0.8, சேவை வீதம் 1. பைத்தானில் எட்டு செயல்முறை, ஒவ்வொன்றிலும் 10 லட்சம் வாடிக்கையாளர். ரிசல்ட் ஃபைலில் எட்டு வரியிலும் சராசரிக் காத்திருப்பு 4.0137. கடைசி இலக்கம் வரை ஒன்றே. சூத்திரப்படி விடை 4, அதனால் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் சந்தேகமே வராது. லினக்ஸில் ஃபோர்க் ஆகும்போது (ஒரு செயல்முறை தன்னையே நகலெடுத்துப் புதியதைத் தொடங்கும்போது) பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையின் பொது ரேண்டம் எண் ஜெனரேட்டர் தன் நிலையோடு அப்படியே நகலாகிவிடுகிறது. 80 லட்சம் என்று எழுதியது உண்மையில் 10 லட்சம்தான். பிழை வரம்பும் 2.83 மடங்கு (√8) குறைவாகக் காட்டும். ஒழுங்காக ஓடினால் எட்டு விடையும் 4-ஐச் சுற்றி 0.04 அளவுக்குச் சிதற வேண்டும்.

விதைநெல்
ஒவ்வொரு செயல்முறைக்கும் டைமை சீடாக (ஜெனரேட்டரின் தொடக்க எண்ணாக) கொடுத்தால் தீர்ந்தது.

கட்டம்_16
தீராது. விநாடிக் கணக்கில் டைம் எடுத்தால் எட்டும் ஒரே விநாடியில்தான் தொடங்கும். 32 பிட் சீடைக் குலுக்கிப் போட்டு எடுத்தாலும் சுமார் 77,000 ஓட்டத்தில் எங்காவது இரண்டு மோதப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நம்பை 1.17 முதல், ஒரு சீடிலிருந்து பல தனித்தனி சீடுகளை உருவாக்கும் சீட்சீக்வென்ஸ் இருக்கிறது. ஒரு தாய் சீடு வைத்து ஸ்பான் மூலம் எட்டு பிள்ளைகள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஜெனரேட்டர் கொடுங்கள். தாய் சீடை ரிசல்ட் ஃபைலிலேயே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அதே ஓட்டத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

விதைநெல்
டைம் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றதெல்லாம் சின்னப் பிரச்சினைதானே?

கட்டம்_16
நல்லது என்பது எந்தக் கணக்குக்கு? 1992-இல் ஃபெரன்பெர்க், லாண்டாவ், வோங் மூவரும் இரு பரிமாண ஐசிங் மாதிரியை (காந்தத்தின் எளிய கணித மாதிரி) ஆர்250 என்ற ஜெனரேட்டர் வைத்து ஓட்டினார்கள். 103 இடம் முந்தைய எண்ணையும் 250 இடம் முந்தைய எண்ணையும் எக்ஸார் செய்து (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்தால் 0) அடுத்த எண்ணைத் தருவது அது. அன்றைக்கு நல்ல பெயர் எடுத்த ஜெனரேட்டர். ஒரு கிளஸ்டரை (ஒரே நிலையில் உள்ள அண்டைப் புள்ளிகளின் கூட்டத்தை) வளர்த்து மொத்தமாகத் திருப்பும் வுல்ஃப் முறையில் ஆற்றல் மதிப்பு, துல்லியமாகத் தெரிந்த விடையைவிட்டுப் பிழை வரம்பையும் தாண்டி விலகியது. தரம் குறைந்தது என்று ஒதுக்கப்பட்ட பெருக்கல் வகை ஜெனரேட்டர் அங்கே அதைவிடச் சரியாக வந்தது. எண் வரிசைக்குள் இருக்கும் தொடர்பு, கிளஸ்டர் வளரும் விதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் இரண்டு வேறு குடும்ப ஜெனரேட்டரில் ஓட்டி ஒப்பிடாமல் எதையும் நம்ப வேண்டாம்.

மடக்கை
பகடை8, அதே வரிசையை சி-யில் 32 பிட் ஃப்ளோட்டில் எழுதியவர்களுக்கு வேறொரு பள்ளம். சேவை நேரத்துக்கு மைனஸ் லாக் யூ என்று போடுவோம்; யூ என்பது 0-க்கும் 1-க்கும் இடையிலான ரேண்டம் எண். 24 பிட் எண்ணில் யூ சரியாகப் பூஜ்யமாக 1.68 கோடிக்கு ஒரு வாய்ப்பு. உங்கள் ஓட்டத்துக்கு (ஆளுக்கு வருகைக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று என) 1.6 கோடி எண் தேவை, ஆக சராசரியாக கிட்டத்தட்ட ஒரு தடவை வரும் என்று எதிர்பார்க்கலாம். அது சேவை நேரத்தில் வந்தால் ஒரு வாடிக்கையாளருக்கு முடிவிலி சேவை நேரம், அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோருக்கும் முடிவிலிக் காத்திருப்பு. யூ இருக்கும் இடத்தில் 1-யூ போட்டால் போதும்.

பகடை8
1-யூ போடும்போது ஜெனரேட்டர் 1-ஐத் தருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் முழு எண்ணை ஃப்ளோட்டாக்கி வகுத்தால் மேல்முனை 1 என்று ரவுண்டாகிவிடும், மறுபடி அதே பூஜ்யம். முதலில் 8 பிட்டை வலப்புறம் தள்ளிவிட்டு, பிறகு 2-இன் 24-ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும்.