புதுப்பிப்பு: மதுரை வெயிலும் கொம்புச்சாவும்

கொம்புச்சா (சர்க்கரை போட்ட டீயப் புளிக்க வச்சுச் செய்யுற பானம்) சீக்கிரமே வினிகரா மாறிடுது, ஊறுகாய் ஜாடிக்கு மாத்தலாமான்னு கேட்டிருந்தேன்ல, அதோட நிலவரம் இது.

ஜாடி வேண்டாம். பழைய மெருகுல ஈயம் இருந்தா புளிப்புல கரைஞ்சு இறங்கும். வாய் அகன்ற கண்ணாடி பாட்டில்தான். பீர் மாதிரி ஏர்லாக் (உள்ள இருக்குற வாயுவ வெளிய விட்டு, வெளிக்காத்த உள்ள விடாத மூடி) போடக் கூடாது; மேல மிதக்குற தோலுக்கு, அதாவது டீயப் புளிக்க வைக்குற நுண்ணுயிர்ப் படலத்துக்கு, காத்து வேணும். பழைய வேட்டித் துணிய நாலா மடிச்சுக் கட்டினா போதும், மெல்லிசா இருந்தா பழ ஈ புகுந்துடும்.

சூடுதான் நிஜப் பிரச்சனை. இதுக்கு 24லேருந்து 29 டிகிரி வரைக்கும் சுகம். மீன்தொட்டிக்கு ஒட்டுற தெர்மாமீட்டர் பட்டைய ஒட்டிப் பாத்தா மத்தியானம் 33! அகலமான மண்சட்டியில தண்ணி ஊத்தி, பாட்டில உள்ள நிறுத்தி, ஈரத்துண்டு சுத்தி, நுனிய தண்ணியிலயே விட்டேன். வறண்ட காத்து அடிச்சா 29க்கு இறங்குது. மூட்டம் போட்டுப் புழுங்குற அன்னிக்கு இந்த வித்தை பலிக்கல, சட்டியில ஐஸ் போட வேண்டியதுதான். "இட்லி மாவுக்குக்கூட இவ்வளவு சீராட்டு கிடையாதுடா"ன்னு அம்மா ஒரே கிண்டல்.

குழாய் வச்ச பாட்டில் பத்திக் கேட்டவங்களுக்கு: பித்தளைக் குழாய் வாங்காதீங்க, அமிலம் அரிச்சிடும்.