மின்ட் மெனுவில் கிரிட்டாவுக்கு ஷார்ட்கட் வரவில்லை, உதவி தேவை

கோலப்பொடி:
வணக்கம். காரைக்குடியில் வீட்டிலேயே சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம். தம்பி லினக்ஸ் மின்ட் சினமன் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்கு வெளியூர் போய்விட்டான். படம் வரையும் மென்பொருளான கிரிட்டாவை அதன் தளத்திலிருந்து ஆப்இமேஜாக (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) இறக்கினேன், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஹோமுக்குப் போய், 'ஓவிய வகுப்பு' ஃபோல்டரைத் திறந்து, நீளமான பெயர் உள்ள அந்தக் கோப்பைத் தேட வேண்டியிருக்கிறது. நேற்று எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி கை தவறி வேறொரு பிள்ளையின் படத்தை ட்ராஷில் போட்டுவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். படத்தைத் திரும்ப எடுத்துவிட்டேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை. மெனுவில் 'ஓவியம்' என்று தமிழில் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு தூரிகைப் படம். அவர்களே திறந்துகொள்ள வேண்டும்.

ஒரு வீடியோவைப் பார்த்து, மெனுவில் ஷார்ட்கட் வரவைக்கும் டெஸ்க்டாப் கோப்பு ஒன்றை எழுதினேன். போனில் தமிழ் விசைப்பலகைதான் இருக்கிறது, அதனால் வரிகளைத் தமிழிலேயே சொல்கிறேன். முதல் வரி சதுர அடைப்புக்குள் டெஸ்க்டாப் என்ட்ரி. டைப்புக்கு அப்ளிகேஷன், நேமுக்கு ஓவியம், டெர்மினலுக்கு ஃபால்ஸ். எந்த நிரலைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸெக் வரியில் டில்டே (அலை மாதிரி இருக்கும் குறி), சாய்கோடு, ஓவிய வகுப்பு, சாய்கோடு, கிரிட்டா கோப்பின் பெயர். ஐகானுக்கும் அதே மாதிரி டில்டே போட்டு தூரிகைப் படம். டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் சேமித்தேன். மெனுவில் வரவே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை.

கறுப்புத்திரை:
டீச்சர், இடம் சரி, வரிகளும் சரி. சிக்கல் எக்ஸெக் வரியில் இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, டில்டே. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) டில்டே என்றால் உங்கள் ஹோம் ஃபோல்டர் என்று ஷெல், அதாவது அங்கே கட்டளைகளைப் படிக்கும் நிரல், புரிந்துகொள்ளும். டெஸ்க்டாப் கோப்பைப் படிப்பது ஷெல் இல்லை, அதற்கு டில்டே வெறும் எழுத்துதான். சாய்கோடு, ஹோம், சாய்கோடு, உங்கள் யூசர்நேம் என்று முழுப் பாதையும் எழுதுங்கள். ஐகானுக்கும் அப்படியே.

இரண்டு, 'ஓவிய வகுப்பு' என்பதில் இருக்கும் இடைவெளி. 'ஓவிய' என்பதோடு நிரலின் பெயர் முடிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். பாதை முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். தமிழ் எழுத்தால் ஒரு தொல்லையும் இல்லை, இடைவெளிதான் தொல்லை. ஐகான் வரிக்கு மேற்கோள் வேண்டாம்.

பிழைச் செய்தி ஏன் வரவில்லை என்றால், எக்ஸெக்கில் சொன்ன நிரல் அந்த இடத்தில் கிடைக்காவிட்டால் மெனு அந்தப் பதிவையே காட்டாது. முதல் தடவை எழுதும் பலரும் இங்கேதான் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. கிரிட்டா ஆப்இமேஜின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். அடுத்த பதிப்பை இறக்கினால் பெயர் மாறும், ஷார்ட்கட் செத்துவிடும். கோப்புக்கு இப்போதே 'கிரிட்டா டாட் ஆப்இமேஜ்' என்று ஆங்கிலத்தில் சின்னப் பெயர் வைத்துவிடுங்கள். எக்ஸெக் வரியிலும் அதே பெயரைப் போடுங்கள். புதிய பதிப்பு வந்தால் அதே பெயரில் மாற்றி வைத்து, அந்தக் கோப்பை நிரலாக இயக்க அனுமதி கொடுத்தால் போதும்.

வேப்பமரநிழல்:
கோப்பே எழுதாமலும் செய்யலாம் அக்கா. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக், 'கிரியேட் எ நியூ லாஞ்சர் ஹியர்'. பெயர், கமாண்ட் கொடுத்து, பக்கத்தில் உள்ள படத்தைக் கிளிக் செய்து ஐகானைத் தேர்ந்தெடுங்கள். ஓகே கொடுத்ததும் மெனுவிலும் சேர்க்கவா என்று கேட்கும், ஆம் என்றால் 'அதர்' பிரிவில் வந்து உட்காரும். உங்கள் பிள்ளைகளுக்கு மெனுவைவிட டெஸ்க்டாப் ஐகான்தான் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது.

மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலும் கிரிட்டா இருக்கிறது. அங்கிருந்து நிறுவினால் ஷார்ட்கட் தானாக வரும், பெயர் மட்டும் கிரிட்டா என்றே இருக்கும்.

கோலப்பொடி:
வந்துவிட்டது! கறுப்புத்திரை சொன்ன இரண்டையும் திருத்திச் சேமித்தேன், மெனுவில் உடனே 'ஓவியம்' தெரிந்தது. தமிழ்ப் பெயர் வேண்டும் என்பதால் என் கோப்பையே வைத்துக்கொள்கிறேன். டெஸ்க்டாப்பிலும் போட்டேன் வேப்பமரநிழல் தம்பி, நீங்கள் சொன்னது சரி, பிள்ளைகள் நேராக அங்கேதான் போகிறார்கள்.

இரண்டு சந்தேகம். மெனுவில் ஆங்கிலத்தில் கிரிட்டா என்று தேடினால் இது வரவில்லை. அப்புறம், கீழே பேனலில் பின் செய்து வைத்தேன், திறந்தால் பக்கத்தில் இன்னொரு ஐகான் தனியாக முளைக்கிறது.

கறுப்புத்திரை:
முதலாவதற்கு, கீவேர்ட்ஸ் என்று ஒரு வரி சேர்த்து கிரிட்டா என்று ஆங்கிலத்தில் எழுதி அரைப்புள்ளி வையுங்கள்.

இரண்டாவதற்கு, திறந்த ஜன்னல் உங்கள் ஷார்ட்கட்டுக்குச் சொந்தம் என்று பேனலுக்குத் தெரியவில்லை. கிரிட்டாவைத் திறந்து வைத்து, டெர்மினலில், ஒரு ஜன்னலின் விவரங்களைக் காட்டும் எக்ஸ்ப்ராப் என்ற கட்டளையை ஓட்டி, கிரிட்டா ஜன்னலைக் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் டபிள்யூஎம் கிளாஸ் என்ற வரியைப் பாருங்கள். அதில் கடைசியாக உள்ள பெயரை உங்கள் கோப்பில் ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ் என்ற வரியில் போடுங்கள். அந்த வரியின் பெயரை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

கோலப்பொடி:
இரண்டும் சரியாகிவிட்டன. அந்த எட்டு வயதுக்காரி இன்று தானே திறந்து ஒரு மயில் வரைந்திருக்கிறாள், தோகை இன்னும் பாக்கி.