ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) வேலை: வயதுத் தளர்வுக்கு ஓபிசி சான்றிதழ் கிடைக்கவில்லை

இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் (ஏடிசி) பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வயது வரம்பு 27. எனக்கு 28 முடிந்துவிட்டது. ஓபிசி நான்-கிரீமி லேயர் (வசதியான பிரிவில் வராத பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) என்றால் 3 வருடம் தளர்வு உண்டு. பி.எஸ்சி. இயற்பியல், கணிதமும் படித்திருக்கிறேன், அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் சான்றிதழில்தான். ஊர் நெல்லை பக்கம். அப்பா மாநில அரசில் குரூப் சி ஊழியர், சம்பளம் வருடத்துக்கு 8 லட்சத்தைத் தாண்டுகிறது. அதைக் காட்டி தாலுகா ஆபீஸில் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் 1993 மத்திய அரசு ஆணைப்படி சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்ச வருமான வரம்புக் கணக்கில் சேராது. ஆணையின் நகலை நீட்டினேன். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "எட்டுக்கு மேல வந்தா கிடையாது தம்பி" என்றார் எழுத்தர். இ-சேவையில் மறுபடி போட்டேன், அதே பதில். கையில் இருக்கும் பிசி சாதிச் சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குப் போதாது. குரல் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அப்புறம். முதலில் இந்தத் தாள் வேண்டும். கடைசி தேதி வேறு நெருங்குகிறது.

இப்படி மறுக்கப்பட்டு, பிறகு சான்றிதழ் வாங்கியவர்கள் யாரிடம் மேல்முறையீடு செய்தீர்கள், ஆர்டிஓவிடமா (வருவாய்க் கோட்டாட்சியர்), கலெக்டரிடமா?