"சைனாவா?" என்று கேட்டுவிட்ட நாள்: தைவான் அனுபவங்கள்

சிஞ்சுக் காற்று:
ஆறு மாதமாக மனத்தை விட்டுப் போகாததால் எழுதுகிறேன். தைவானின் சிஞ்சு நகரில் ஆய்வாளராக இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் காணொளியில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆய்வகத் தோழி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஆசையாக, "சைனாப் பெண்ணா? எவ்வளவு லட்சணமாக இருக்கிறாள்!" என்றார். அதில் அவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். கையிலிருந்த இட்லித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, நான் கற்றுக்கொடுத்த அரைகுறைத் தமிழில், "இல்லை அம்மா, தைவான்" என்றாள்.

நான் அத்துடன் விட்டிருக்கலாம். "அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று சமாதானம் சொன்னேன்.

மறுநாள் தன் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். மேலே தைவானின் அதிகாரப்பூர்வப் பெயரான 'ரிபப்ளிக் ஆஃப் சைனா' என்று பெரிய எழுத்து, 'தைவான்' அடியில். 2020 பிப்ரவரியில் ஒரு விமான நிலையத்தில் மேலே இருந்த அந்தச் சொல்லைப் பார்த்தே அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கொரோனா அச்சம் தொடங்கிய நேரம். சில நாடுகள் தைவானைச் சீனாவோடு சேர்த்துத் தடை போட்டிருந்தன. 2021 ஜனவரியில் வந்த புதிய பாஸ்போர்ட்டில் 'தைவான்' பெரிதாகிவிட்டது. மற்றது சின்னத்தைச் சுற்றிப் பொடி எழுத்தாகிவிட்டது. அவள் பழைய அட்டையின் மேல்வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இப்போது சொல், எல்லாம் ஒன்றா?"

அந்தக் கட்டைவிரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பழைய தைபேவாசி:
எல்லோரும் உங்கள் தோழியைப் போல இல்லை, தம்பி. நான் தைபேயில் இருந்த காலத்தில் வீட்டருகே மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் சீனாவின் ஷாண்டோங்கிலிருந்து 1949இல், கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்கு வந்த சியாங் கை ஷேக்கின் படையோடு வந்தவர். வயலில் நின்ற பையனைப் படையினர் இழுத்துக்கொண்டு போனார்களாம். 1987 நவம்பரில்தான் இவரைப் போன்றவர்கள் ஊர் சென்று உறவினரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அவர் போனபோது தாய் இல்லை.

"இங்கே என்னை வெளிமாகாணத்தான் என்கிறார்கள். அங்கே போனால் தைவான்காரன் என்கிறார்கள்" என்றார். சீனா தைவான்காரர்களுக்குக் கொடுக்கும் பயண அட்டையில் அவர்களைக் குறிக்கும் சொல்லுக்கு, நம் 'உடன்பிறப்பு'தான் நேர்ப்பொருள். ஒரே கருவறையில் பிறந்தவர். அதைச் சொல்லிவிட்டு, விரலைத் தேநீரில் தொட்டு மேசையில் தன் ஊர்ப் பெயரை எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. யாரையாவது கேட்பதற்குள் காய்ந்துவிட்டது. அவரிடம் போய், "நீங்கள் சீனர் இல்லை" என்று எந்த வாயால் சொல்வது?

பதினேழு ஆண்டு:
ஐயா, பெரியவர் கதை உருக்கமானதுதான். ஆனால் அவரை இழுத்து வந்த அதே ஆட்சி இந்தத் தீவில் என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1947 பிப்ரவரி 27 அன்று தைபேயில், கள்ளச் சிகரெட் விற்ற ஒரு விதவையை அரசு ஆட்கள் அடித்ததில் மக்கள் கிளர்ச்சி தொடங்கியது. மார்ச்சில் சீனாவிலிருந்து படை வந்து இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பிறகு 1949 முதல் 1987 வரை 38 ஆண்டுகள் இராணுவச் சட்டம். தாத்தா எப்படிக் காணாமல் போனார் என்று வீட்டுக்குள்கூடப் பேச அஞ்சிய குடும்பங்கள் உண்டு.

என் அனுபவம் சிறியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பேட்மிண்டன் இரட்டையர் இறுதிப் போட்டி, சீன இணைக்கு எதிராக. கடைசிப் புள்ளியைத் தைவான் இணை வென்றது. கடையே துள்ளியது. ஒலிம்பிக்கில் தைவானுக்கு இட்ட பெயர் திரையில் இருந்தது; அதைப் படித்து நானும் "சைனீஸ் தைபே!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் என் தோளைப் பிடித்து, "தைவான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சீனாவைக் குறிக்க இங்கே வழங்கும் 'பெருநிலம்' என்று பொருள்படும் 'தாலு', 'சீனா' என்று பொருள்படும் 'ஜுங்குவோ' இரண்டையும் கவனித்துக் கேளுங்கள்; எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதிலேயே பாதி அரசியல் தெரிந்துவிடும். நீங்களாக எதையும் முந்திச் சொல்லாதீர்கள். மொழியைப் பற்றிப் பேசினால், சீன மொழியைக் குறிக்கும் 'ஜுங்வென்' என்பது யாரையும் புண்படுத்தாது. ஆய்வகத்தில் சீன மாணவரும் தைவான் மாணவரும் சேர்ந்து இருந்தால் தேர்தல் பேச்சை எடுக்காதீர்கள். "சுதந்திரமா, இணைப்பா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், பெரும்பாலானோர் விரும்புவது இப்போதைய நிலை தொடர்வதைத்தான். மக்கள் தங்களை யாராகக் கருதுகிறார்கள் என்று தைபேயில் உள்ள செங்சி பல்கலைக்கழகம் 1992 முதல் கேட்டு வருகிறது. அன்று நாலில் ஒருவர் தன்னைச் 'சீனர்' என்றார்; இன்று நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 'தைவானியர் மட்டுமே' என்பவர்கள் 60 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே 'சீனர்' என்ற சொல்லையே மறந்துவிடுங்கள்.

பினாங்கு வாசகி:
அண்ணா, அந்தக் கடைசி வரியை ஏற்க மாட்டேன். மலேசியாவில் நாங்கள் 'சீனர்' என்று சொல்வது அண்டை வீட்டாரை. அவர்களுக்கும் சீன நாட்டுக்கும் சம்பந்தமில்லை. மாண்டரின் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: வம்சத்தால் சீனர் 'ஹுவாரென்', நாட்டால் சீனர் 'ஜுங்குவோரென்'. முதலாவதை ஏற்கும் தைவான்காரர்கள் பலர் இரண்டாவதைக் கேட்டால் கொதிக்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதுதான் சிக்கல்.

நான் பினாங்குக் காரி, எங்கள் ஊர்ச் சீனர்களின் ஹொக்கியென் மொழி பேசுவேன். தைவானின் தைனான் நகரச் சந்தையில் கொய்யாப்பழம் விலை கேட்டேன். விற்ற பாட்டி, "நீ தைவான் மொழி பேசுகிறாயே!" என்று வியந்தார். இது எங்கள் ஊர் ஹொக்கியென் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சிறுவயதில் பள்ளியில் இந்த மொழி பேசியதற்காகக் கழுத்தில் அட்டை மாட்டி நிற்க வைத்தார்களாம். சொல்லும்போது கை தானாகக் கழுத்துக்குப் போனது. பழத்துக்குக் காசு வாங்கவில்லை. நான் வற்புறுத்தியும் வாங்கவில்லை.

சியாமென் மாணவி:
நான் அந்தப் பக்கம், சீனாவின் சியாமென் நகரில் மருத்துவம் படித்தவள். இங்கே யாரும் சீனத் தோழிகளைப் பற்றிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். சியாமென் கடற்கரையில், எதிரே தைவான் வசமுள்ள கின்மென் தீவுகளை நோக்கி, 'ஒரு நாடு இரு முறை, சீனாவை ஒன்றிணைப்போம்' என்று பெரிய சிவப்பு எழுத்துகள் நிற்கின்றன. என் அறைத்தோழி என்னைப் படகில் அழைத்துப் போனாள். எதிர்ப்பக்கத் தீவிலும் பழைய வாசகம் ஒன்று: 'மக்களின் மூன்று கொள்கைகளால் சீனாவை ஒன்றிணைப்போம்.' அவை சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்-சென்னின் கொள்கைகள். இரண்டிலும் முடிவு ஒன்றே. இன்று தைவான் பக்கத்தில் அதை நம்புகிறவர்கள் மிகக் குறைவு.

என் அறைத்தோழியின் தாத்தாவின் தம்பி 1949இல் தைவானுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். திரும்பவே இல்லை. படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் சின்னத் தாத்தா வெளிநாட்டில் செத்தார் என்று நான் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டாள். நான், "அங்கே இருக்கிறவர்களைத்தானே கேட்க வேண்டும்" என்றேன். தவறாகச் சொன்னதாக இன்றும் நினைக்கவில்லை. அவள் பஸ்ஸில் வழி முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல என் மேசையில் சோயாப்பால் வைத்திருந்தாள். அதன்பின் மூன்றாண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். கடற்கரைக்கு மட்டும் சேர்ந்து போகவில்லை.