பொருள்: ஜூரே உக்ஸோரிஸ் – 'மனைவிவழி ஆட்சி' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'ஜூரே உக்ஸோரிஸ்' என்ற லத்தீன் தொடருக்கு, அதாவது மனைவிக்குரிய பட்டத்தின் பேரில் கணவர் ஆள்வதற்கு, தமிழில் 'மனைவியுரிமை' எனலாம் என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. படிப்பவருக்கு ஜீவனாம்ச வழக்குதான் நினைவுக்கு வரும். 'மருமகன் ஆட்சி' இன்னும் மோசம். பட்டத்துக்குரிய பெண்ணே அதில் காணாமல் போகிறாள்.

பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனியின் கோமகன் (டியூக்) பியேர் மோக்ளேரை வைத்து உரசிப் பார்ப்போம். பிரெஞ்சு அரசர் ஆறாம் லூயியின் கொள்ளுப்பேரன் என்ற பெருமை உண்டே தவிர, பிரிட்டனியில் அவருக்குப் பிறப்பால் எந்தப் பாத்தியதையும் கிடையாது. பாத்தியதை அவர் மனைவி அலிக்ஸுடையது. அலிக்ஸின் தாய் கான்ஸ்டன்ஸ், கோமகன் நான்காம் கோனனின் மகள். கான்ஸ்டன்ஸின் முதல் கணவர் ஜெஃப்ரி, இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகன், 1186-இல் இறந்துபோனார். அவர் இறந்த பிறகு பிறந்த ஆர்தர், 1202-இல் பிரான்சின் மிரபோவில் சித்தப்பாவான இங்கிலாந்து அரசர் ஜானிடம் சிக்கினான். 1203-க்குப் பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. ஆர்தரின் அக்கா எலினோர் இங்கிலாந்துக் காவலிலேயே 1241 வரை கிடந்து இறந்தார். ஆகவே கான்ஸ்டன்ஸின் மூன்றாம் கணவர் கீ தெ துவாருக்குப் பிறந்த அலிக்ஸுக்கு வந்தது பட்டம். (இடையில் இரண்டாம் கணவர், செஸ்டர் பிரபு ரனுல்ஃபும் தன்னைப் பிரிட்டனிக் கோமகன் என்றே எழுதிக்கொண்டார். நமக்கு இந்தச் சொல் எத்தனை தடவை தேவைப்படும் பாருங்கள்!) 1213-இல் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப் அலிக்ஸைத் தன் உறவுக்காரர் பியேருக்குக் கட்டிவைத்தார்.

சிக்கலே இனிமேல்தான். 1221-இல் அலிக்ஸ் இறந்ததும் பட்டம் சிறுவனாக இருந்த மகன் ஜானுக்குப் போனது. பியேர் அதே நாட்டை 1237 வரை ஆண்டார், ஆனால் மகன் பெயரில். மகனுக்கு வயது வந்ததும் 'பியேர் தெ பிரேன்' என்ற வெறும் நைட்டாக ஒதுங்கிக்கொண்டார். ஆக, ஆள் ஒருவரே. 1221-க்கு முன் ஒரு சொல், பின் ஒரு சொல் வேண்டும்.

முன்னதற்கு 'மனைவிவழி ஆட்சி', ஆள்பவர் 'மனைவிவழிக் கோமகன்'. தந்தைவழி, தாய்வழி என்று ஏற்கெனவே புழங்குவதால் சட்டென்று பிடிபடும். 'மனைவிவழி உறவு' என்பதோடு குழம்பாதிருக்க 'ஆட்சி'யை விடக்கூடாது. பின்னதற்கு 'பொறுப்பாட்சி' போதும். 'அரசப் பிரதிநிதி' என்றால் வைஸ்ராய் வந்து நிற்பார்.

'மனைவிவழியாட்சி' என்று சேர்த்தெழுதுவதா, பிரித்தா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.