அம்மாவின் குரல் இருக்கும் பழைய சிடியை மீட்க உதவி வேண்டும்

வணக்கம். அம்மா பாடிய தாலாட்டுகளைக் கேசட்டிலிருந்து மாற்றி கிளவுடில் வைத்திருந்தேன். 2021இல் ஈசூனிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறியபோது, எல்லாம்தான் கிளவுடில் பத்திரமாக இருக்கிறதே என்று கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் அந்தக் கணக்கு முடங்கிவிட்டது. காரணம் சொல்லவில்லை. ஓடிபி நான் விட்டுவிட்ட பழைய எண்ணுக்குப் போகிறது. நான்கு முறை எழுதியும் அதே தானியங்கிப் பதில்தான்.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு சிடி-ஆர் (கணினியில் நாமே ஒருமுறை எழுதும் சிடி). 700 எம்பி, 52எக்ஸ் வேகம், 2006இல் எழுதியது. கீறல் இல்லை. ஆனால் அடிப்பக்கத்தில் விளிம்போரமாக ஒரு விரல் அகலத்துக்கு, தகவல் பதிந்திருக்கும் பச்சைச் சாயம் வெளிறியிருக்கிறது. சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படும், அதனால் கடைசிப் பாட்டுகள்தான் கிடைக்கவில்லை. முதல் ஆறு கோப்புகளை நகலெடுத்துவிட்டேன். ஏழாவதில் டிரைவ் கரகரவென்று சுற்றி நின்றுவிடுகிறது. அம்மா என் பெயர் சொல்லிப் பாடுவது அதில்தான்.

மூன்று டிரைவ்களில், குறைந்த வேகத்தில் பார்த்தாயிற்று. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருள் இரண்டு இரவு ஓடி 81 சதவீதத்தில் நிற்கிறது. சிம் லிம் ஸ்குவேரில் இரண்டு கடைகளில் முடியாது என்றார்கள். சிடியின் மேற்பரப்பை மெருகேற்றவில்லை, அது கீறலுக்குத்தான், சாயம் போனதற்கு உதவாது.

இப்படிச் சாயம் வெளிறிய சிடி-ஆரிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருபவர் யாரையாவது சிங்கப்பூரில் உங்களுக்குத் தெரியுமா?